தோட்டக்காட்டில் மர அறுவடை: எப்போது, எவ்வளவு, எந்த வழியில்?

ஒரு மலைச்சரிவு மொட்டையாகக் கிடக்கும் படம் செய்தியில் வருகிறது. அதே நிறுவனம் காட்டைப் பொறுப்பாக நிர்வகிப்பதற்கான சான்றிதழ் வைத்திருப்பதாகவும் அதே செய்தி சொல்கிறது. படிப்பவருக்கு இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்தச் சரிவுக்கு அடுத்த சரிவில் என்ன வயது மரங்கள் நிற்கின்றன, வெட்டிய கட்டைகள் எந்த வழியாகக் கீழே இறங்கின, ஓடையை ஒட்டி எவ்வளவு விட்டு வைத்தார்கள் என்பவை தெரிந்தால்தான் பேச முடியும். இவற்றைத் தீர்மானிப்பதுதான் அறுவடை மேலாண்மை. ரம்பம் மரத்தைத் தொடுவது அதன் கடைசிப் படிகளில் ஒன்று.

## அடிப்படைச் சொற்கள்

மனிதர் நட்ட காடு எல்லாமே தோட்டக்காடு ஆகிவிடாது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் நடப்பட்ட காடுகள் சுமார் 29.4 கோடி ஹெக்டேர். அதில் ஒன்றிரண்டு இனங்களை, ஒரே வயதில், சீரான இடைவெளியில் நட்டுத் தீவிரமாகப் பராமரிக்கும் தோட்டக்காடுகள் சுமார் 13.1 கோடி ஹெக்டேர். இது உலகின் மொத்தக் காட்டுப் பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதம். மீதி நடப்பட்ட காடுகள் வளர்ந்து நிற்கும்போது இயற்கைக் காட்டை ஒத்தே இருக்கும். இந்தக் கட்டுரை அந்த 3 சதவீதத்தைப் பற்றியது.

கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் நான்கு சொற்கள்:

1. கூறு: ஒரே இனம், ஒரே ஆண்டில் நடப்பட்ட நிலத்துண்டு. முடிவுகள் எல்லாம் கூறு கூறாகத்தான் எடுக்கப்படுகின்றன. மரம் மரமாக யாரும் பார்ப்பதில்லை.
2. சுழற்சிக் காலம்: நட்ட நாளிலிருந்து முழு வெட்டு வரை ஆகும் ஆண்டுகள். பிரேசிலில் காகிதக்கூழுக்கு வளர்க்கும் தைலமரத்துக்கு 6 முதல் 7 ஆண்டுகள், நியூசிலாந்தின் ரேடியாட்டா பைனுக்கு 25 முதல் 30. தேக்குக்கு ஆசியாவின் பழைய வழக்கம் 50 முதல் 80 ஆண்டுகள்; லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களில் 20, 25-லேயே வெட்டிவிடுகிறார்கள்.
3. கலைத்தல்: நெருக்கமாக நிற்கும் மரங்களில் ஒரு பங்கை இடையில் எடுத்து, மீதிக்கு இடம் கொடுப்பது.
4. முழு வெட்டு: ஒரு கூறில் உள்ள எல்லா மரங்களையும் ஒரே பருவத்தில் வெட்டுவது. செய்திப் படங்களில் தெரிவது இதுதான்.

## நிற்கும் மரத்தை அளப்பது

விற்கப்போகும் சரக்கு எவ்வளவு என்று தெரியாமல் எந்தத் திட்டமும் போட முடியாது. அந்தச் சரக்கோ மண்ணில் வேரூன்றி நிற்கிறது. எல்லா மரத்தையும் அளக்க ஆளும் நேரமும் கிடையாது. ஆகவே மாதிரி எடுக்கிறார்கள்.

வழக்கமான முறை இது. கூறுக்குள் முன்கூட்டியே குறித்த புள்ளியில் ஒரு கம்பை நட்டு, 11.28 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுவார்கள். எண் விசித்திரமாகத் தெரிந்தாலும் காரணம் உண்டு: அந்த வட்டத்தின் பரப்பு 400 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வட்டத்துக்குள் 30 மரம் இருந்தால் ஹெக்டேருக்கு 750 மரம். ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், மார்பளவில், விட்டம் அளக்கிறார்கள் (சில நாடுகளில் 1.37 மீட்டர்). சிலவற்றுக்கு மட்டும் உயரம்.

மார்பளவில் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தின் குறுக்கு வெட்டுப் பரப்பு 0.0707 சதுர மீட்டர். உயரம் 25 மீட்டர் என்றால் இரண்டையும் பெருக்க 1.77 கன மீட்டர் வரும். ஆனால் மரம் உருளை கிடையாது, மேலே போகப் போக ஒடுங்கும். அதற்காக 0.4 முதல் 0.5 வரையிலான ஒரு வடிவக் காரணியால் பெருக்குவார்கள். 0.42 என்று எடுத்தால் இந்த மரத்தில் 0.74 கன மீட்டர் இருக்கிறது.

இந்தக் கணக்கில் விட்டம் இருமடிப் பெருக்கமாக வருகிறது. அதனால் 30 சென்டிமீட்டரை 33 என்று தவறாக அளந்துவிட்டால் கன அளவு 10 சதவீதம் இல்லை, 21 சதவீதம் கூடிவிடும். பட்டைக்கு மேல் அளந்து, பட்டை இல்லாத கட்டைக்கு விலை பேசுவது, சரிவின் கீழ்ப்பக்கம் நின்று மார்பளவைக் குறிப்பது போன்ற சிறு சறுக்கல்கள் எல்லாம் ஆயிரக்கணக்கான மரங்களுக்குப் பெருகும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வரும் சண்டைகளில் பல இந்த இடத்தில் பிறப்பவை.

## எப்போது வெட்டுவது

இளம் மரம் முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும், வயதாக ஆக மீண்டும் மெதுவாகவும் வளரும். இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கூறை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் நிற்கும் மரத்தின் கன அளவு:

- 10 வயதில் 120 கன மீட்டர்
- 15 வயதில் 255
- 20 வயதில் 400
- 25 வயதில் 520
- 30 வயதில் 600

மொத்தத்தை வயதால் வகுத்தால் ஆண்டுச் சராசரி வளர்ச்சி கிடைக்கும். வரிசையாக 12, 17, 20, 20.8, 20. இது 25 வயதை ஒட்டி உச்சம் தொட்டு இறங்குகிறது. அந்த உச்சத்தில் வெட்டி மறுபடி நட்டுக்கொண்டே போனால், நிலத்திலிருந்து நீண்ட காலத்தில் அதிகபட்ச மரம் கிடைக்கும். இது வனவியலாளர் சொல்லும் வயது.

பணம் போட்டவர் சொல்லும் வயது வேறு. 20-லிருந்து 25 வரை கூறின் கன அளவு ஆண்டுக்குச் சுமார் 5.4 சதவீதம் கூடுகிறது. 25-லிருந்து 30 வரை 2.9 சதவீதம்தான். முதலீட்டிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எதிர்பார்ப்பவருக்கு, 25-ஐத் தாண்டிய பிறகு அந்த மரம் நிற்பதே நட்டம். இன்னொன்றும் இருக்கிறது: கிழ மரங்கள் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு ஆண்டும், அடுத்த நடவு ஓராண்டு தள்ளிப்போகிறது. இந்தத் தாமதத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை ஜெர்மானிய வனவியலாளர் மார்ட்டின் ஃபாஸ்ட்மன் 1849-இல் வகுத்தார். இன்றும் தோட்டக்காட்டு நிறுவனங்களின் கணினிகளில் ஓடுவது அடிப்படையில் அந்தச் சூத்திரம்தான். வட்டி விகிதம் ஏறினால் சுழற்சிக் காலம் சுருங்கும் என்பது அதன் நேரடி விளைவு.

மூன்றாவதாக, மரத்தின் தரம். பருத்த கட்டைக்குக் கன மீட்டருக்கு விலை அதிகம். தேக்கில் வைரம் பாய வேண்டும். வெளிக்கட்டை மிகுந்த இளந்தேக்குக்கு மதிப்பு குறைவு. இளம் பைனில் நடுப்பகுதி மரம் பலவீனமாகவும் வளையும் தன்மையோடும் இருக்கும், கட்டுமானத்துக்குச் சரிவராது. இவை வெட்டும் வயதைப் பின்னால் தள்ளும். கூழ் ஆலைக்கு இந்தக் கவலைகள் பெரும்பாலும் கிடையாது, அதனால்தான் 7 ஆண்டுத் தோட்டங்கள் சாத்தியமாகின்றன.

ஆக, வெட்டும் வயது என்ற ஒற்றை எண்ணை மரத்தின் உயிரியல் மட்டும் தருவதில்லை. வட்டி, சந்தை, எந்த ஆலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள் கலந்திருக்கின்றன.

## ஆண்டுக்கு எவ்வளவு வெட்டலாம்

"வட்டியை எடு, முதலைத் தொடாதே" என்று காட்டை வங்கி வைப்புத்தொகைக்கு ஒப்பிடுவது பழைய பழக்கம். வளர்வதைவிட அதிகமாக வெட்டக்கூடாது என்ற கருத்து 1713-இல் ஜெர்மனியின் சாக்சனிச் சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் எழுதியதிலேயே இருக்கிறது. சுரங்கங்களுக்கு மரம் போதாமல் போன காலம் அது. கருத்து சரி. ஆனால் அந்த ஒப்புமை தோட்டக்காட்டில் ஓர் இடத்தில் இடிக்கிறது. ஒரே கூறில் வட்டியும் முதலும் தனித்தனியாக இருப்பதில்லை. இந்த ஆண்டின் வளர்ச்சி என்பது அதே அடிமரத்தின் மேல் ஒரு மெல்லிய புது வளையம். அதை மட்டும் உரித்து விற்க முடியாது. மரத்தையே எடுக்க வேண்டும்.

எனவே சமநிலையைக் கூறு அளவில் தேடக்கூடாது, முழுத் தோட்ட அளவில் தேட வேண்டும். 3,000 ஹெக்டேர் தோட்டம், 25 ஆண்டுச் சுழற்சி. ஒவ்வொரு வயதிலும் 120 ஹெக்டேர் இருந்தால், ஆண்டுதோறும் மூத்த 120 ஹெக்டேரை வெட்டி நடலாம். ஹெக்டேருக்கு 520 கன மீட்டர் என்றால் ஆண்டுக்கு 62,400 கன மீட்டர், காலாகாலத்துக்கும். இந்தத் தோட்டத்தில் எந்த நாளில் படமெடுத்தாலும் ஏதோ ஒரு 120 ஹெக்டேர் மொட்டையாகத்தான் இருக்கும். அது திட்டத்தின் பகுதி.

நடைமுறையில் வயதுகள் இப்படிச் சீராக அமைவது அரிது. அரசு மானியம், நல்ல விலை, புது ஆலை என்று ஏதாவது ஒரு காரணத்தால் சில ஆண்டுகளில் வெறிகொண்டு நடுவார்கள். நியூசிலாந்தில் 1990-களின் நடுவில் அப்படி ஓர் அலை வந்தது. 1994-இல் மட்டும் சுமார் 98 ஆயிரம் ஹெக்டேர் புதிதாக நடப்பட்டது. அந்த அலை 25, 30 ஆண்டுகள் கழித்து வெட்டு அலையாகத் திரும்பி வருகிறது.

நம் கற்பனைத் தோட்டத்திலும் இதைப் பார்க்கலாம். 3,000-இல் 1,800 ஹெக்டேர் ஐந்தே ஆண்டுகளில் நட்டது என்றால், அந்த அலை வரும்போது ஆண்டுக்கு 360 ஹெக்டேர் வெட்ட வேண்டியிருக்கும். அதன்பின் 20 ஆண்டுகளுக்கு வெறும் 60. முதல் ஐந்தாண்டுக்கு லாரியும் ஆளும் பத்தாது. அடுத்த இருபதாண்டுக்கு ஆலைக்கு வேலை இராது. இதைத் தட்டிச் சமன் செய்வதுதான் அறுவடை மேலாளரின் நிரந்தரத் தலைவலி. வழி இரண்டுதான்: சில கூறுகளை இளமையிலேயே வெட்டுவது, சிலவற்றை முதுமை வரை நிறுத்துவது. இரண்டிலும் ஹெக்டேருக்குக் கிடைக்கும் மரத்தில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஒரே ஆண்டில் வழக்கத்தைவிட அதிகம் வெட்டியதாகச் செய்தி வந்தால், அது பேராசையாகவும் இருக்கலாம், முப்பது ஆண்டுக்கு முந்தைய நடவு வேகத்தின் எதிரொலியாகவும் இருக்கலாம். வயது வாரியான பரப்புப் பட்டியலைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

## இடையில் கலைப்பது

கலைத்தலில் எடுக்கும் மரம் மெலிசு, வருமானம் சொற்பம், பல இடங்களில் செலவே மிஞ்சும். ஆனாலும் பருத்த மரம் வேண்டும் என்றால் தவிர்க்க முடியாது. கலைத்ததால் மொத்தக் கன அளவு கூடுவதில்லை. அதே வளர்ச்சி குறைந்த எண்ணிக்கை மரங்களில் போய்ச் சேர்கிறது, அவ்வளவே.

நேரம் தவறினால் ஆபத்து. நெருக்கத்தில் வெகுநாள் நின்ற மரம் உயரமாகவும் ஒல்லியாகவும் வளர்ந்திருக்கும். சென்டிமீட்டரில் உயரத்தை, மார்பளவு விட்டத்தால் வகுத்து வரும் எண் 80-ஐத் தாண்டிவிட்டால் எச்சரிக்கை. 100-ஐத் தாண்டினால் அந்த மரம் பக்கத்து மரங்களின் துணையில்தான் நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் கலைத்தால், அடுத்த பெருங்காற்றில் மீதியும் சாயும். காலம் கடந்த கலைப்பைவிடக் கலைக்காமல் விடுவதே மேல் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதன் காரணம் இது.

## களத்தில் வேலை நடக்கும் வரிசை

வெட்டுத் திட்டம் என்பது பெரும்பாலும் சாலைத் திட்டம். ஒரு கூறுக்கு லாரி போய்வரும் பாதை, கட்டைகளைக் குவிக்கும் இடம், தண்ணீர் வடியும் குழாய்கள் ஆகியவை வெட்டுக்கு ஓராண்டு முன்பே தயாராக வேண்டும். புதிதாக வெட்டிய மண் இறுகி அமர அவகாசம் தேவை. காட்டிலிருந்து ஓடைக்குப் போகும் வண்டலில் பெரும்பங்கு மரம் வெட்டுவதால் வருவது கிடையாது, சாலைகளிலிருந்தும் குவிப்பிடங்களிலிருந்தும் வருவது. இந்த ஒரு செய்தி பொதுவிவாதத்தில் எப்போதும் விடுபடுகிறது.

அதன்பின் நிலத்தின் சரிவு முறையைத் தீர்மானிக்கிறது.

1. மட்டமான நிலம், மிதமான சரிவு: சக்கரத்தில் ஓடும் அறுவடை இயந்திரம் மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, அளந்து, துண்டு போட்டுவிடும். ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்னால் வரும் இன்னொரு வண்டி துண்டுகளைச் சுமந்து சாலைக்குக் கொண்டுபோகும்.
2. மரத்தை முழுசாக இழுப்பது: அடிமரத்தைச் சங்கிலியிலோ பிடியிலோ கட்டித் தரையில் இழுத்து, குவிப்பிடத்தில் துண்டு போடுவது. வேகம் அதிகம், தரைக்குச் சேதமும் அதிகம்.
3. செங்குத்துச் சரிவு: உச்சியில் கோபுரம் நிறுத்தி, கம்பிவடம் கட்டி, தடிகளைத் தூக்கி மேலே இழுப்பது. செலவு கூடுதல். ஆனால் வண்டி சரிவில் இறங்க வேண்டாம்.
4. சங்கிலி ரம்பமும் ஆளும்: இயந்திரம் போக முடியாத இடங்களிலும், கூலி மலிவான நாடுகளிலும் இன்றும் இதுதான்.

கையால் வெட்டும் வேலை உலகின் மிக ஆபத்தான தொழில்களில் ஒன்று. அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் என்று வைத்துக்கொள்வோம். விழ வேண்டிய பக்கத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, அதாவது விட்டத்தில் கால்பங்குக்கு, ஆப்பு வடிவில் வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே, பின்வெட்டு. அது வாயைப் போய்த் தொடக்கூடாது. இடையில் சுமார் 4 சென்டிமீட்டர் அறுபடாத மரம் நிற்க வேண்டும். அந்த அறுபடாத பகுதிதான் கீல். மரம் சாயும்போது திசை மாறாமல் பிடித்துக்கொள்வது அதுவே. கீலையும் அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். முன்பக்கம் வெகுவாகச் சாய்ந்த மரத்தில் வழக்கம்போலப் பின்வெட்டுப் போட்டால், பாதி அறுபடுவதற்குள் அடிமரம் நெட்டுக்குப் பிளந்து, பிளந்த பாதி மேலெழும்பி வெட்டுபவரை அடிக்கும். விழும் திசைக்கு எதிரே, சாய்வாகப் பின்வாங்கும் தடத்தை முதலிலேயே துப்புரவாக்கி வைப்பதும், மற்றவர்களை இரண்டு மர உயரத்துக்கு அப்பால் நிறுத்துவதும் இதற்காகத்தான். பக்கத்து மரத்தில் சிக்கித் தொங்கும் மரத்தின் அடியில் போய் வேலை செய்வது உயிரைப் பறிக்கும் இன்னொரு பழக்கம்.

துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஒப்பந்தங்களில் இந்த ஒழுங்குகள்தான் முதலில் காற்றில் பறக்கும். விபத்து நடந்தபின் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதப்படும். கூலி முறையை யாரும் விசாரிப்பதில்லை.

## துண்டு போடுவதும் அளந்து விற்பதும்

நின்ற மரத்தின் விலையில் பெரும்பகுதி, விழுந்தபின் எந்த இடத்தில் குறுக்கே அறுக்கிறோம் என்பதில் இருக்கிறது. அடியில் கணுவில்லாத 6 மீட்டர் ப்ளைவுட்டுக்கு உரிப்பதற்குப் போகும். அதற்கு மேலே அறுவை மரம். உச்சி கூழுக்கு. வரிசை மாறினால், உயர்ந்த விலைக்குப் போக வேண்டியது கூழோடு போய்ச் சேரும். நீளத்திலும் கறார் உண்டு: 4 மீட்டர் என்று கேட்டால் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உபரி விட்டு அறுக்க வேண்டும். 3.98 மீட்டர் வந்துவிட்டால் ஆலை அதை அடுத்த சிறிய நீள வகுப்பில் போட்டுவிடும்; அந்த இரண்டு சென்டிமீட்டருக்குக் கட்டையில் பத்தில் ஒரு பங்கு காசு போகும்.

அளக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம். பல நாட்டு மரச் சந்தைகளில், சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கில அளவையாளர் எட்வர்ட் ஹாப்பஸ் பெயரில் வழங்கும் முறை இது. 100 சென்டிமீட்டர் சுற்றளவு, 3 மீட்டர் நீளம் என்றால் 0.1875 கன மீட்டர் வரும். உண்மையான உருளைக் கணக்கில் அதே கட்டை 0.239 கன மீட்டர். அறுக்கும்போது போகும் கழிவுக்காகச் சுமார் 21.5 சதவீதத்தை அந்தச் சூத்திரம் முன்கூட்டியே கழித்துவிடுகிறது. ஒப்பந்தத்தில் கன மீட்டர் என்று மட்டும் எழுதி, எந்தக் கன மீட்டர் என்று எழுதாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு சரக்கு காகிதத்திலேயே காணாமல் போகும்.

கூழ்மரம் பெரும்பாலும் எடைக்கு விற்கப்படுகிறது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். வெட்டிக் கிடக்கக் கிடக்க எடை இறங்கும், ஆகவே விற்பவருக்கு அவசரம். பைன் தடிகளுக்கு வேறு காரணத்தால் அவசரம்: வெப்பமான பருவத்தில் சில வாரங்களிலேயே பூஞ்சை ஏறி மரம் நீலம் பாய்ந்துவிடும். பலம் பெரிதாகக் குறையாது, விலை குறையும். லாரி கிடைக்கும் வேகத்தைவிட வேகமாக வெட்டுவது அதனால் லாபமில்லாத சுறுசுறுப்பு.

## நிலத்துக்கு என்ன ஆகிறது

மண் இறுகுதல். கனரக வண்டி ஈர மண்ணில் ஓடினால், முதல் சில ஓட்டங்களிலேயே பெரும்பகுதி இறுக்கம் நடந்துவிடும். அதே தடத்தில் இருபதாவது முறை போவதால் கூடும் சேதம் குறைவு. எனவே தளம் முழுக்கச் சுற்றாமல் சில தடங்களைப் பலிகொடுத்து மீதியைக் காப்பதுதான் அறிவு. அந்தத் தடங்களிலும் கொப்பையும் மிலாறையும் பரப்பி அதன்மேல் வண்டி ஓட்டுவார்கள்.

சத்து வெளியேறுதல். மரத்தின் எடையில் பெரும்பங்கு அடிமரம். ஆனால் நைட்ரஜன், பொட்டாசியம், கால்சியம் போன்றவை இலை, சிறுகிளை, பட்டை ஆகியவற்றில் செறிவாக இருக்கின்றன. கழித்த கிளைகளையும் எரிபொருளுக்கென்று வாரிக்கொண்டு போனால், எடையில் கொஞ்சம்தான் கூடும், சத்தில் பெரிய பங்கு போய்விடும். குறுகிய சுழற்சியில் இது அடிக்கடி நடக்கும். தைலமரத்தைக் காட்டிலேயே பட்டை உரித்துப் போட்டுவிட்டு வருவது சோம்பேறித்தனம் கிடையாது. அடுத்த சுழற்சிக்கான உரம் அது.

சரிவு. இதுதான் மிகச் சிக்கலானது, நியூசிலாந்தின் கிழக்குக் கடற்கரை அதற்கு நல்ல பாடம். 1988-இல் போலா புயல் அங்கே மலைச்சரிவுகளைப் பெயர்த்துக்கொண்டு போனது. மேய்ச்சலுக்காக முன்பே காடழிக்கப்பட்ட, எளிதில் அரிக்கும் மண் அது. மண்ணைப் பிடித்துவைக்க வேண்டும் என்றே 1990-களில் அரசு உதவியோடு பெருமளவில் பைன் நடப்பட்டது. நடவு வேலை செய்தது. மரங்கள் நின்றவரை மண் நின்றது. பிறகு மரங்கள் வெட்டும் வயதை எட்டின.

வெட்டிய மரத்தின் வேர் உடனே செத்துப்போய் மண்ணை விட்டுவிடாது. சில ஆண்டுகளில் படிப்படியாக அழுகும். புதுக் கன்றின் வேர் மண்ணைப் பிடிக்கும் அளவுக்கு வளரவும் சில ஆண்டுகள் ஆகும். பழைய வேர் போய், புது வேர் வராத அந்த இடைவெளியில் பெருமழை வந்தால் சரிவு பெயரும். பெயரும்போது வெட்டிவிட்டுப் போன கழிவுக் கட்டைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். 2018 ஜூனில் டோலகா விரிகுடாப் பகுதியில் இதுவே நடந்தது. பண்ணைகளும் கடற்கரையும் மரக்கழிவால் மூடப்பட்டன. வன நிறுவனங்கள் பல நீதிமன்றத்தில் அபராதம் கட்டின. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலில் மீண்டும் அதே காட்சி. இம்முறை அரசு விசாரணைக் குழுவே அமைத்தது.

இதில் தவறு எங்கே என்பது நட்டதா, வெட்டியதா என்ற கேள்வியோடு முடியாது. பாதுகாப்புக்கு என்று நட்ட மரத்துக்கு வெட்டும் தேதி வைத்ததுதான் சிக்கலின் வேர் என்பது என் கணிப்பு. அப்படிப்பட்ட சரிவில் முழு வெட்டை ஒரே நீர்ப்பிடிப்பில் பெரிய பரப்பில் நடத்தாமல், துண்டு துண்டாக ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். கழிவைக் குவிப்பிடத்தின் விளிம்பில், பள்ளத்தை நோக்கிச் சாய்த்து வைக்கக்கூடாது. சில சரிவுகளை வெட்டாமலே நிரந்தரக் காடாக விட்டுவிட வேண்டும். மூன்றாவது யோசனைதான் கணக்குப் புத்தகத்துக்குக் கசக்கும்.

## சான்றிதழ் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

வனப் பொறுப்பாண்மைக் குழு எனப்படும் எஃப்எஸ்சி 1993-லும், நாடுகளின் வனச் சான்றளிப்புத் திட்டங்களை அங்கீகரிக்கும் பிஇஎஃப்சி 1999-லும் தொடங்கின. சான்றிதழ் என்பது நிர்வாக முறைக்குத் தரப்படுவது: திட்டம் இருக்கிறதா, ஓடைக்கரை விடப்படுகிறதா, தொழிலாளர் பாதுகாப்பு எப்படி, இயற்கைக் காட்டை அழித்து நட்டதா. ஒவ்வொரு சரிவும் அடுத்த புயலைத் தாங்கும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்பு ஒழுங்குமுறை இன்னொரு கோட்டைப் போடுகிறது: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு இயற்கையாக வளர்ந்த காட்டைத் தோட்டக்காடாக மாற்றி எடுத்த மரம் அதன் சந்தைக்குள் வரக்கூடாது என்பது அந்த விதி. ஏற்கெனவே தோட்டமாக இருந்ததை வெட்டி மறுபடி நடுவதை அது காடழிப்பாகக் கருதுவதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு செய்திகளில் அடிக்கடி குழம்புகிறது.

## திட்டம் உடையும்போது

2005 ஜனவரியில் குட்ருன் புயல் தெற்கு ஸ்வீடனில் ஒரே இரவில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் அளவுக்கு நிகரானது அது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரங்கள்.

அந்த நிலையில் எதை முதலில் வெட்டுவது என்ற வழக்கமான கேள்விக்கே இடமில்லை. விழுந்ததை எடுக்காவிட்டால் பட்டை வண்டுகள் அதில் பெருகி, நிற்கும் மரத்துக்குத் தாவும். பின்னாளில் தாவவும் செய்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தால் விலை சரியும். எனவே தடிகளை மலைபோல் அடுக்கி, காயாமல் இடைவிடாது தண்ணீர் தெளித்து வைத்தார்கள். பழைய விமானத்தளம் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் கன மீட்டர் அடுக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக் கிடக்கும் சாய்ந்த மரங்களை அறுப்பது நின்ற மரத்தை வெட்டுவதைவிடப் பன்மடங்கு ஆபத்து. அறுக்கும்போது எந்தப் பக்கம் விசையோடு தெறிக்கும் என்று கணிப்பது கடினம். அந்தச் சீரமைப்பு வேலையிலும் உயிர்கள் போயின.

இப்படி ஒரு நிகழ்வுக்குப் பிறகு வயது வாரிப் பட்டியல் முழுக்கக் கலைந்துவிடும். பெரும் பரப்பு ஒரே ஆண்டில் மறுநடவாகும். அடுத்த தலைமுறைக்கான வெட்டு அலை அங்கேயே விதைக்கப்படுகிறது.

## வெட்டிய பிறகு: மறுதாம்பா, மறுநடவா

தைலமரம் போன்றவை அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். அந்த மறுதாம்பை வளர்த்தால் கன்றுச் செலவும் நடவுச் செலவும் மிச்சம். ஏற்கெனவே வேர் இருப்பதால் தொடக்க வளர்ச்சி வேகம். நிபந்தனை வெட்டும்போதே தொடங்குகிறது: கட்டை தரையை ஒட்டித் தாழ்வாக, தண்ணீர் தேங்காதபடி சாய்வாக, பட்டை கிழியாமல் அறுபட வேண்டும். இழுக்கும் வண்டி கட்டைகளின் மேல் ஏறக்கூடாது. சில மாதம் கழித்து, முளைத்த கொத்தில் ஒன்றிரண்டு நல்ல தளிரை விட்டு மற்றதை ஒடித்துவிட வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கட்டைகள் சாகும். அதனால் இரண்டு, மூன்று மறுதாம்புக்குமேல் போவது அரிது. அதற்குள் மேம்பட்ட ரகமும் வந்திருக்கும்.

ரேடியாட்டா பைனுக்கு இந்த வசதி கிடையாது, மறுபடி நடத்தான் வேண்டும். அப்போது இடைவெளியைத் தீர்மானிப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, அடுத்த வெட்டின் கணக்கையும் தீர்மானிக்கிறார். 2 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 1,667 கன்று. 3-க்கு 4 என்றால் 833. நெருக்கி நட்டால் தண்டு நேராகவும் கணு சிறிதாகவும் வரும், ஆனால் பத்து, பன்னிரண்டு வயதில் கலைத்தே ஆக வேண்டும். கலைத்து எடுக்கும் மெல்லிய மரத்தை வாங்கச் சுற்றுவட்டாரத்தில் கூழ் ஆலையோ, பலகை ஆலையோ இல்லையென்றால் அந்தக் கலைப்பு நடக்காது. நடக்காவிட்டால் மரங்கள் ஒல்லியாக உயர்ந்து, புயலில் முதலில் சாயும் கூறாக நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் 833-ஐ நட்டு, கிளைகளை அவ்வப்போது கழித்துவிடுவது, ஏட்டுக் கணக்கில் குறைந்த விளைச்சலாகத் தெரிந்தாலும், வெட்டும் நாளில் அதிகக் காசு தரும்.